மான்கொம்புக் கத்திக்கு ஜோடி

“அப்புறம் என்ன, அந்த முதல் கத்தி வர நாலு மாசம் காத்திருந்தேன் லா! போஸ்ட்மேன் மோட்டார் சத்தம் கேட்டா சட்டை கூடப் போடாம ஓடுவேன்,” என்றார் லியனார்ட்.

“இப்ப?” என்றார் கமலநாதன்.

“செவ்வாக்கிழமை போன்ல தட்டினேன். வியாழக்கிழமை உன் வீட்டுல வந்து நிக்குது. காத்திருக்கிற சுகமே போச்சு.”

பார்சலை வாங்குவதற்காக அவர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலேறி வந்திருந்தார். ஆர்டரில் இருந்த பெயரும் முகவரியும் கமலநாதனுடையவை. ‘இன்னொரு கத்தி வீட்டுக்குள்ள வந்தா, நான் அம்பாங்குல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்’ என்று லியனார்டின் மனைவி மகதலேனா சொல்லியிருந்தார்.

“இதே கத்திதான் உங்கிட்ட இருக்கே. எதுக்குடா இன்னொண்ணு?”

“அது எண்பத்தெட்டுல கேட்டலாக் பார்த்து இங்கிலாந்திலிருந்து வரவழைச்சது. அன்னைக்கே ஜோடி கேட்டேன். ஒண்ணுதான் இருக்குன்னு எழுதிட்டான். அன்னையிலிருந்து தேடுறேன்!”

“அந்தப் பழசு துருப்பிடிக்கலையா?”

“எண்ணெய் தடவி, பிஸ்கட் டின்ல போட்டு, கட்டிலுக்கடியில வச்சிருக்கேன். திறக்கவே கூடாது, காத்துப் படும். மாசாமாசம் டின்னைத் தூக்கிப் பார்ப்பேன். கனம் அப்படியே இருக்கு.”

“கத்தியை விட டின்னைத்தான் நல்லாப் பார்த்துக்கிற. சரி, பிரி.”

“ஒரு கத்தி குடு.”

“அறுபது கத்தி வச்சிருக்கிறவன் எங்கிட்ட கேக்குறான் பாரு!”

கமலநாதன் வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்தார். ஒட்டுநாடா கிழிந்தது. மான்கொம்புப் பிடி வெளியே வந்து, ஜன்னல் வெயிலில் தூக்கம் கலைந்ததுபோல் மின்னியது. லியனார்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னோடதுக்குக் கூடப் பிறந்ததுடா இது!”

“வித்தது யாரு?”

“‘கேஎல் குயின்’னு போட்டிருக்கு. இப்பெல்லாம் யார் முகத்தைப் பார்க்கிறோம்? அந்தக் காலத்துல கையால ஒரு கடிதாசி எழுதி வைப்பான்...”

பெட்டியின் அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

“பார்த்தியா, கடிதாசி! தமிழ்ல வேற!” லியனார்ட் குதூகலமாக உரக்க வாசித்தார்.

“கமலநாதன் அண்ணே, ஆர்டர்ல உங்க பேரைப் பார்த்து ஆடிப் போயிட்டேன். டின்னுக்குள்ள கனத்துக்குக் கரண்டி போட்டு வச்சிருக்கேன். அவர் திறக்கவே மாட்டார். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க, அண்ணே.”