நீலக் கலமும் ஆட்டு ஈரலும்

"பெத்த மகளை முன்னபின்ன தெரியாத கிரகத்துல இறக்கி விட்டுட்டுப் போறவன் எல்லாம் ஒரு கேப்டனா?" ஒராஸ்பெக் தேநீர்க் கிண்ணத்தை மேசையில் டக்கென்று வைத்தார்.

"அவன்தான் தம்பி கேப்டன். உங்க ஆளு பயந்தாங்கொள்ளி," என்றார் தொலெகென்.

தட்டோடு வந்த குல்யாஷ் தலையில் அடித்துக்கொண்டாள். மகனுக்குப் பெண் கேட்டு, காஸ்பியன் கடலோரத்து அக்தாவிலிருந்து நாட்டையே குறுக்காகக் கடந்து வந்திருக்கிறார் தொலெகென். வந்த இடத்தில் மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிவியில் ஓடும் இரண்டு விண்வெளித் தொடர்களில் எது உசத்தி என்று தன் கணவன் ஒராஸ்பெக்கோடு மல்லுக்கு நிற்கிறார்.

ஒராஸ்பெக் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "டீ குடு, ரொட்டி குடு, ஆடுகூட அடிச்சுப் போடு. ஆனா வால்கொழுப்பும் ஈரலும் மேசைக்கு வரக்கூடாது." இரு வீட்டாரும் அதை ஒன்றாகத் தின்றுவிட்டால் நிச்சயம் முடிந்தது என்று பொருள். பிறகு வாக்கு மாறினால் இந்தத் தல்திகோர்கான் ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. பையனிடம் அவரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, தூரத்தைத் தவிர. ஒரே மகள் தொக்ஜானோ, கட்டினால் அவனைத்தான் என்று சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். கேட்டால் வெங்காயத்தின் மேல் பழி போட்டாள்.

"என்னங்க, வந்த விஷயத்தைப் பேசுங்க," என்றாள் குல்யாஷ்.

"நீ சும்மா இரு. அண்ணே, 'நீலக் கலம்' கேப்டன் என்ன பண்ணான்? ஒரே ஒரு மெக்கானிக் பின்னாடி மாட்டிக்கிட்டான்னு கப்பலையே திருப்பினான். ஒருத்தரையும் விடமாட்டான். அதான் தலைவன்."

"ஒருத்தனுக்காக மத்த எல்லார் உசிரையும் பணயம் வச்சான். 'புதுமண்' கேப்டன் அப்படியா? மக அங்கதான் வாழணும்னு ஆசைப்பட்டா. அழுதுகிட்டே இறக்கி விட்டான்."

"அழுதா ஆச்சா? உங்க தொடர்ல அந்த இயந்திர மனுஷன்கூட வாயைத் திறந்தா பொய்."

"பொய் சொல்லித்தானே கப்பலைக் காப்பாத்துது. உங்கது உண்மை மட்டும் பேசி என்னத்தைக் கிழிச்சுது?"

கடவுளே என்று முனகிக்கொண்டு குல்யாஷ் காலித் தட்டை எடுத்துப் போய் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் தட்டைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஒராஸ்பெக் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு அங்க ராத்திரி பயந்தா யாருகிட்டண்ணே போகும்?"

"இறக்கி விட்ட இடத்துலயும் மனுஷங்கதான் தம்பி இருக்காங்க. தங்க மாதிரி பாத்துப்பாங்க."

"அதெல்லாம் கதைக்கு நல்லாருக்கும். நான் மட்டும் அந்த கேப்டனா இருந்தா ஒரு நாளும்..."

'ஒரு நாளும்' முடிவதற்குள் தொலெகென் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி அவர் வாயருகே நீட்டினார். மூத்தவர் கையால் இறைச்சி ஊட்டினால் வாயைத் திறப்பது அங்கே தொட்டில் பழக்கம். ஒராஸ்பெக்கின் வாய் தானாகத் திறந்தது. மென்றார். விழுங்கினார். தொலெகென் மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் ஒராஸ்பெக்குக்கு நாக்கில் உறைத்தது.

"இது... ஈரலு. கொழுப்பு. யாரு வச்சது?"

"யாரோ வச்சாங்க. தின்னது நீங்க," என்றாள் குல்யாஷ். "டிவி கதை பேசிக்கிட்டே தின்னா, வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எப்படித் தெரியும்?"

பெரியவர்கள் கைகளை ஏந்தி ஆசி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தொக்ஜான் ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒராஸ்பெக் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"சரி, ஆனது ஆச்சு," என்றார் கடைசியில். "ஆனா 'நீலக் கலம்'தான் உசத்தி. அதையாவது ஒத்துக்குங்க."

"ஒத்துக்கிட்டேன் சம்பந்தி," என்றார் தொலெகென், உடனே.

சற்று நேரம் கழித்துச் சமையலறைக் குழாயில் கை கழுவ வந்தவர், குல்யாஷிடம் குரலைத் தாழ்த்தினார். "நல்லவேளைம்மா, அந்த இயந்திர மனுஷன் பேரை அவரு கேக்கலை. நீ போன்ல சொல்லிக் குடுத்ததுல அது ஒண்ணுதான் மறந்துபோச்சு. எங்க வீட்ல அந்த ரெண்டு தொடரையும் யாரும் பாத்ததே இல்லை."