அண்ணன் போட்ட எர்த்

“யூஜின், குழிக்குத் தண்ணி ஊத்திட்டியா?”

“ஊத்திட்டேண்ணே.”

பிரேசர் டவுன் வீட்டைப் பாகம் பிரித்த சுவருக்கு அப்பாலிருந்து அண்ணன் ஆம்ப்ரோஸ் தினமும் காலையில் கேட்பார். பழைய வயரிங்கில் ஷாக் அடிக்காமலிருக்க, போன வருடம், 1938இல், இரண்டு பாகத்துக்கும் எர்த் போட்டவர் அவர்தான். செப்புத் தகடு புதைத்த குழி யூஜின் பக்கம். அந்த மண் காயக் கூடாது; காய்ந்தால் கசியும் கரண்ட் அதில் இறங்காது.

“பாகம் பிரிச்சும் அண்ணனுக்கு நம்ம மேல எவ்ளோ அக்கறை பாரு,” என்பான் யூஜின், மனைவி ஜோசஃபினிடம்.

நேற்று கரண்ட் இஸ்திரிப்பெட்டி ஷாக் அடித்து அவளைத் தூக்கியெறிந்தது. இன்று வயர்மேன் குழியைத் தோண்டினார்.

“தகடு நல்லாத்தான் இருக்கு சார். அதுல மாட்டின ஒரே கம்பி சுவருக்கடியில அந்தப் பக்கம் போகுது. உங்க கம்பி தகட்டத் தொடவே இல்ல. சும்மா மண்ணுல சொருகி வச்சிருக்கு.”

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“யூஜின், இன்னிக்குத் தண்ணி ஊத்தலையா?”