அட்டை வைத்திருந்த கோரை

பங்களாத் தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கும் நீரூற்றுப்புல் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் எழுதி, குச்சியில் அட்டை கட்டி நட்டிருந்தார்கள். "அட்டை இல்லாத புல்லெல்லாம் களைதான்" என்று அது பக்கத்திலிருந்த கோரையை நாள் தவறாமல் சீண்டும்.

மாசி மாதம் வந்ததும், வருடாவருடம் செய்வதுபோல நீரூற்றுப்புல்லை நாலு விரல் உயரத்துக்கு ஒட்ட வெட்டினார்கள். இனி தூரிலிருந்துதான் புதிதாகத் துளிர்க்கவேண்டும்.

அன்று சாயங்காலம் ஓர் அணில் அட்டைக் குச்சியைப் பிடுங்கி, முதுகைச் சொறிந்துகொண்டு, போகிறபோக்கில் கோரையருகே செருகியது.

"ஏய், அது என்னுது!" என்று அலறியது வெட்டுப்பட்ட புல்.

"தலையே இல்லாத உனக்குப் பேரு எதுக்கு?" என்றது அணில்.

மறுவாரம் புதிதாக வேலைக்கு வந்த செங்கேணி, அட்டையைப் படித்துவிட்டுக் கோரைக்கு எரு வைத்தார். மொட்டையாக நின்ற தூரைக் கெல்லி மதிலுக்கு வெளியே எறிந்தார்.

மழை பெய்தது. எறிந்த தூர் சாக்கடையோரம் வேர்பிடித்து, நரிவால்போல ஊதாக் கதிர்களை விட்டு ஆடியது. வீட்டம்மா காரை நிறுத்தி இறங்கினார்.

"செங்கேணி, இந்தக் காட்டுப்புல் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! நம்ம நீரூற்றுப்புல் பக்கத்துல கொண்டுபோய் நடுங்க."

நட்டார். பக்கத்தில் வந்து நின்றதைக் கோரை மேலும் கீழும் பார்த்தது. அட்டையில் லேசாகச் சாய்ந்துகொண்டு அணிலிடம் சொன்னது:

"வர வர கண்ட களையையெல்லாம் உள்ள விடுறாங்கப்பா."