சாக்பீஸ் புள்ளி

பழைய தொலைக்காட்சி நடனங்களைக் காப்பாற்றி வைப்பது நியூயார்க்கில் எனக்கு வேலை. அந்தக் காலத்தில் எல்லாமே நேரலை. ஒளிபரப்பு ஓடும்போதே தொலைக்காட்சித் திரைக்கு எதிரே கேமரா வைத்துப் படச்சுருளில் பிடித்தவைதான் மிச்சம்.

திங்கட்கிழமை ஓர் இசை நாடக நடனத்தைக் கணினியில் சுத்தம் செய்தேன். டோலரஸ் என்ற பெண் துள்ளி எழுந்து, ஒற்றைக் காலில் இறங்கிச் சிரிப்பாள். இறங்கும் இடத்தில் தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. தூசி என்று நினைத்து அழித்தேன்.

மறுநாள் மேலாளர் ஹேசலுக்குப் போட்டுக் காட்டினேன். துள்ளுவதற்கு முன் டோலரஸ் தரையில் எதையோ தேடினாள். பிறகு துள்ளினாள், விழுந்தாள். மற்றவர்கள் சிரித்த முகத்தோடு அவளைத் தாண்டி ஆடினார்கள்.

“நேத்து இவ விழலையே!”

“தூங்கிட்டியா, ரஸ்? இவ விழுந்தது ஊருக்கே தெரியும். முட்டி போச்சு, அதோட ஆட்டமும் போச்சு.”

மூலச் சுருளிலும் புள்ளி இல்லை. கணினியில் திரும்ப வரைந்து பார்த்தேன். அதன் மேலேயே விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை டோலரஸே ஊன்றுகோல்களோடு படம் பார்க்க வந்தார். விழும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“இறங்குற இடம் தெரியணும்னு அங்க சாக்பீஸால ஒரு புள்ளி வச்சிருந்தேன், தம்பி. எந்தப் புண்ணியவான் துடைச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.”

ஹேசல் காபி நீட்டினார். நான் கையை மேசைக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து எவ்வளவு கழுவியும் விரலில் சாக்பீஸ் தூள் போகவில்லை.