கூட்டணி சைக்கிள்

“பூட்டிட்டுத்தான்பா போனேன். வந்து பாத்தா காணோம்” என்று மகள் சொன்னதும் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பழைய இரும்புக் கடையில் பொறுக்கியதையெல்லாம் சமையலறையிலேயே பரப்பிவைத்து அவரே ஒன்றுசேர்த்து மாட்டிய சைக்கிள். பச்சை ஃபிரேம், சிவப்பு மட்கார்டு, நீல ஹேண்டில்பார். “கூட்டணி” என்று செல்லப்பெயர் வேறு.

“ஊர்ல இன்னொண்ணு இப்படிக் கிடையாதும்மா. எங்க இருந்தாலும் காட்டிக்கொடுத்திடும்” என்று கிளம்பியவர், மாலையில் அதை ஓட்டிக்கொண்டே வந்தார்.

“மார்க்கெட் வாசல்ல நின்னுச்சு. யாரும் தொட்டுக்கூடப் பாக்கல” என்று பூட்டிலிருந்த சாவியை உருவி அவளிடம் நீட்டினார்.

எவனாவது கொண்டுபோய்த் தொலையட்டும் என்று அவளே விட்டுவந்த சாவி. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

“எல்லாத்துக்கும் ஒரே கலர் அடிச்சிடறேன்மா. இனிமே காலேஜ்ல யாரும் சிரிக்க மாட்டாங்க.”