அந்தமானுக்குப் போகிறவர்

பொழிச்சலூர் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார் ஸ்ரீரங்கன். வீட்டுக்காரர் ஜெயவேலு வாசலில் நின்று நோட்டம் விட்டார்.

“பேங்க் வேலைய வுட்டுட்டு அந்தமானுக்கா சார்? அங்க இன்னா வேல?”

“இப்போதைக்கு ஒண்ணும் இல்ல.”

“கைல துட்டு?”

“கப்பல் டிக்கெட் போகக் கொஞ்சம் இருக்கு.” ஸ்ரீரங்கன் நிமிர்ந்து பார்க்காமல் படுக்கையைக் கட்டினார்.

ஜெயவேலு நேரே தன் மனைவி கங்கையம்மாளிடம் போனார்.

“ஆளு மூஞ்சியே சரியில்ல. பேங்க் பணத்துல கை வெச்சுட்டு ஓடறான். அவன் பொண்டாட்டியாவது தப்பிக்கட்டும், போய்ச் சொல்லு.”

கிணற்றடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் ஸ்ரீரங்கனின் மனைவி காமு. கங்கையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேல வெட்டி இல்லாதவன நம்பி ஏம்மா கடல் தாண்டிப் போற? பேசாம உங்கம்மா வூட்டுக்குப் போயிடு.”

காமு சிரித்துவிட்டாள்.

“வேலை எனக்குக் கிடைச்சிருக்குக்கா. போர்ட் பிளேர் ஸ்கூல்ல டீச்சர். இவ்வளவு படிச்சிட்டு இந்த வேலையை விடாதே, நானும் கூட வரேன்னு சொல்லி அவர் ராஜினாமா பண்ணிட்டார்.”

கங்கையம்மாள் வந்து சொன்னதும் ஜெயவேலு வாசல் வரை போய் ஸ்ரீரங்கனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“பொண்டாட்டி வேலைக்காவ இவன் வேலைய வுட்டானா?” என்றார். “பேங்க்ல கை வெச்சுட்டு ஓடினாக்கூட ஒரு மரியாதை கீது.”