சிவப்புக் கோடு

“ரெண்டு கோடும் பொருந்தலன்னா இன்னிக்கே உன் திட்டத்த இழுத்து மூடிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது,” என்றார் இயக்குநர். திட்டங்களை வெட்டுவதில் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே கத்தரிக்கோல்.

“சரி சார்.” ஆய்வாளரான அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பக்கத்து ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் கலம். உள்ளே கொஞ்சம் ஆர்கான் வாயு. ரேடியோ அலையைச் செலுத்தினால் வாயு மின்னேற்றம் பெற்று, ஊதா நிறப் பிளாஸ்மாவாக ஒளிரும். அதே பிளாஸ்மாவைக் கணினிக்குள் ஒளிரவைப்பது அவள் எழுதிய நிரல்.

பிளாஸ்மாவின் அடர்த்தியை நிரல் கணக்கிட்டது நீலக் கோடு, ஆய்வகத்தில் அளந்தது சிவப்புக் கோடு. மதியத்துக்குள் அளந்து, அவள் அனுப்பிய மாதிரிக் கோப்பிலேயே நிரப்பிவிடுவதாக லேப் அண்ணன் சொல்லியிருந்தார்.

நீலக் கோடு திரையில் குன்றுபோல் ஏறி இறங்கியது. வலது ஓரத்தில் மட்டும் சின்ன நெளிவு. நிரலில் போதுமான துகள்களைப் போடாமல் ஓட்டியதால் வந்த கணக்குப் பிசகு அது. கத்தரிக்கோல் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

“எங்கம்மா சிவப்பு?”

கண்ணை மூடிக்கொண்டு, லேப் அண்ணன் கோப்பைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். போச்சு, எல்லாம் போச்சு.

“அடேங்கப்பா!”

கண்ணைத் திறந்தாள். நீலத்தின் மேல் சிவப்பு அச்சாகப் படிந்திருந்தது.

“அந்த ஓரத்து நெளிவுகூட அப்படியே வந்திருக்கே! நான் என்னமோ நெனச்சேன், நீ பெரிய ஆளும்மா!” கத்தரிக்கோல் பேனாவைத் திறந்து, திட்டத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அந்த நெளிவு எப்படி அங்கேயும்...?

கதவு திறந்தது. கையெல்லாம் எண்ணெயோடு லேப் அண்ணன் மூச்சுவாங்க நின்றார்.

“கோச்சுக்காதம்மா. காலையிலேர்ந்து காத்து உறிஞ்சுற பம்ப் மக்கர் பண்ணுது. நீ மாதிரிக்குப் போட்டு அனுப்பின உன் நிரல் நம்பரத்தான் அந்தக் கோப்புல இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.”

அவள் திரையிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். “அப்போ... பிளாஸ்மா?”

“இன்னும் பத்தவே வைக்கலியேம்மா!”